எண்ணப்படாத தீங்கு: நோயாளர் பாதுகாப்பு ஆய்வுகளும் சாதியும்

2014 நவம்பர் 8ஆம் நாள் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாடின்றி மூடிக்கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் பெண்களுக்கான கருத்தடை அறுவை முகாம் நடைபெற்றது. ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப் மூலம் அறுவை செய்து முடித்தார். ஒரு மருத்துவர் ஒரு நாளில் 30 பேருக்கு மேல் இந்த அறுவையைச் செய்யக்கூடாது என்பது அரசு தானே வகுத்த விதி. அடுத்த சில நாட்களில் அம்மாவட்ட முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தனர். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஏழைப் பெண்களே அந்த முகாம்களுக்கு அழைத்து வரப்பட்டிருந்தார்கள். கொடுக்கப்பட்ட மாத்திரையில் நச்சு கலந்திருந்ததா, கருவிகள் வழியே தொற்று பரவியதா என்ற விவாதம் நீண்ட நாள் நடந்தது. 83 பேரை ஒரே நாளில் வரிசையில் படுக்கவைக்கலாம் என்று முடிவு செய்த நிர்வாக மனநிலை அந்த விவாதத்தில் பின்னுக்குப் போயிற்று.

இது தனித்த விபத்தும் அன்று. 2012 ஜனவரி 7 இரவு பீகாரின் அரரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 53 பெண்களுக்கு இரண்டு மணி நேரத்தில், கைவிளக்கு வெளிச்சத்தில், ஒரே மருத்துவர் கருத்தடை அறுவை செய்தார். அதை எதிர்த்து தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த பொதுநல வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010 முதல் 2013 வரையிலான காலத்தில் கருத்தடை அறுவையை ஒட்டி 363 பேர் இறந்திருப்பதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. முகாம் முறையை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறும் ஆணையிட்டது.

இத்தகைய இறப்புகளை நாம் வழக்கமாக ‘அலட்சியம்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் மருத்துவமனைக்குள் நோயாளிக்கு நேரும் தீங்கை அளப்பதற்கென்றே ஓர் ஆய்வுத் துறை இருக்கிறது. அதை நோயாளர் பாதுகாப்பு ஆய்வு என்பார்கள். நோயினால் வந்த கேடு எது, சிகிச்சையினால் வந்த கேடு எது, அதில் தவிர்த்திருக்கக் கூடியது எவ்வளவு, யாருக்கு அது அதிகம் நேர்ந்தது ஆகியவை அத்துறையின் கேள்விகள். கடைசிக் கேள்வியை இந்தியாவில் கேட்பவர் மிகக் குறைவு. அந்த ஆய்வுகள் எதைக் கண்டறிந்தன, எதை விட்டுவிட்டன என்பதைச் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வியன்னாவின் இரு பிரசவக் கூடங்கள்

இத்துறையின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது 1840களின் வியன்னா பொது மருத்துவமனையை. அங்கே இரண்டு பிரசவக் கூடங்கள் இருந்தன. முதலாவதில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1841 முதல் 1846 வரை முதல் கூடத்தில் சுமார் 10 விழுக்காட்டுத் தாய்மார்கள் இறந்தனர். இரண்டாவதில் சுமார் 4 விழுக்காடு. பிணக்கூறாய்வு செய்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் கண்டறிந்தார். குளோரின் கரைசலில் கை கழுவச் செய்ததும் இறப்பு சரிந்தது. வரலாற்று நூல்கள் இதை ஒரு மேதையின் கதையாகச் சொல்கின்றன. நமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இலவச மருத்துவத்துக்காக அங்கே வந்த ஏழைப் பெண்களுக்கு, முதல் கூடம் சாவுக்கூடம் என்பது முன்பே தெரிந்திருந்தது. தங்களை இரண்டாவது கூடத்தில் சேர்க்குமாறு அவர்கள் கெஞ்சினார்கள். அவர்கள் அறிந்திருந்ததை அறிவென்று ஏற்க மருத்துவம் அணியமாக இருக்கவில்லை. செம்மல்வைஸ் சொன்னதையே அது ஏற்கவில்லை.

தீங்கைப் பெரிய அளவில் எண்ணும் வேலை நூற்றாண்டுக்கும் மேல் கழித்தே நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் 51 மருத்துவமனைகளில் 1984ஆம் ஆண்டின் 30,121 நோயாளர் பதிவேடுகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். 1991இல் வெளியான முடிவின்படி, அனுமதிக்கப்பட்டோரில் 3.7 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையினாலேயே தீங்கு நேர்ந்திருந்தது. அந்தத் தீங்குகளில் 27.6 விழுக்காடு கவனக்குறைவின் விளைவு. இவற்றை அடிப்படையாகக் கொண்டு 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, மருத்துவப் பிழைகளால் அந்நாட்டில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த எண் உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று.

அதே ஹார்வர்டு தரவிலிருந்து கிளைத்த இரண்டு முடிவுகள் அவ்வளவு பேசப்படவில்லை. காப்பீடு இல்லாத நோயாளிகளுக்குக் கவனக்குறைவால் தீங்கு நேரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நோயாளர்களில் மிகப் பெரும்பான்மையினர் சிறுபான்மை இனத்தவராக இருந்த மருத்துவமனைகளில், நேர்ந்த தீங்குகளில் கவனக்குறைவின் பங்கு மற்ற மருத்துவமனைகளைவிட மிகுந்திருந்தது. ஆக, தீங்கு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை என்பது இத்துறையின் முதல் பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

சரிபார்ப்புப் பட்டியலும் அதன் எல்லையும்

பிழையைக் குறைக்கும் வழி என்ன? இத்துறை அளித்த மிகப் புகழ்பெற்ற விடை மிக எளியது. அது ஒரு தாள். அறுவைக்கு முன்னும் பின்னும் அறையில் உள்ளோர் அனைவரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டிய 19 செய்திகள் கொண்ட பட்டியலை உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. இவர்தான் அந்த நோயாளியா, எந்தப் பக்கத்தில் அறுவை, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தாயிற்றா, எண்ணிய பஞ்சும் ஊசியும் சரியாக இருக்கின்றனவா என்பவை போன்ற கேள்விகள் அதில் இருந்தன. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, பட்டியலுக்கு முன் 1.5 விழுக்காடாக இருந்த இறப்பு 0.8 ஆகவும், 11 விழுக்காடாக இருந்த கடுஞ்சிக்கல்கள் 7 ஆகவும் குறைந்தன.

ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் இப்பட்டியலைக் கட்டாயமாக்கியபின் இறப்பிலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. தாளில் குறி போடுவது வேறு, அதன்படி நடப்பது வேறு.

இந்தியாவுக்கு நேரடியாகப் பாடம் சொல்வது அடுத்த ஆய்வு. உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 120 அரசு சுகாதார நிலையங்களில் ‘பெட்டர்பெர்த்’ என்ற மாபெரும் சோதனை நடந்தது. பாதிக்குப் பாதி, 60 நிலையங்களில் பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலும் அதை ஒழுங்காகப் பின்பற்ற எட்டு மாதப் பயிற்றுவிப்பும் தரப்பட்டன. மற்ற 60இல் வழக்கமான நடைமுறையே தொடர்ந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களும் குழந்தைகளும் இதில் இடம்பெற்றனர். 2017இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற நிலையங்களில் பணியாளர்களின் நடைமுறை தெளிவாக மேம்பட்டிருந்தது: இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, செய்ய வேண்டியவற்றில் 72.8 விழுக்காடு அங்கே செய்யப்பட்டன. மற்ற நிலையங்களில் 41.7 விழுக்காடுதான். ஆயினும் தாய் இறப்பு, சிசு இறப்பு, தாய்க்கு நேரும் கடுஞ்சிக்கல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு பக்கம் 15.1 விழுக்காடு, மறுபக்கம் 15.3. வேறுபாடே இல்லை என்றுதான் பொருள். பயிற்றுவிப்பு தொடங்கி ஓராண்டு ஆனபோது, நடைமுறையில் கண்ட மேம்பாட்டின் ஒரு பகுதியும் தேய்ந்திருந்தது.

இந்தத் தோல்வியை நேர்மையாக வெளியிட்டார்கள் என்பதற்காக ஆய்வாளர்களை நாம் மதிக்கிறோம். எனினும் இதிலிருந்து பெற வேண்டிய பாடம், பட்டியலை இன்னும் கவனமாக நிரப்ப வேண்டும் என்பதாக இருக்க முடியாது. இரத்தம் இல்லாத நிலையத்தில், அறுவைப் பிரசவத்துக்கு வழியில்லாத நிலையத்தில், சிக்கலான பிரசவத்தைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கேயும் படுக்கை கிடைக்காத நிலையில், ஒரு தாள் எத்தனை உயிரைக் காக்கும்? அத்துடன், எந்தச் சாதித் தாய் எப்படி நடத்தப்பட்டார் என்பது அச்சோதனையின் முதன்மைக் கேள்வியாக இருக்கவில்லை. இவ்வளவு பெரிய சோதனை மீண்டும் எளிதில் நடக்காது என்பதால் அந்த இழப்பு பெரிதாகவே படுகிறது.

தொடாத மருத்துவம்

சாதி எவ்வாறு சிகிச்சைக்குள் நுழைகிறது என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் 12 கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வெளியாயிற்று. சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழையாமல் வாசலில் நிற்பதையும், பரிசோதிக்கும்போது உடலைத் தொடாமல் விடுவதையும், மருந்தைக் கையில் படாமல் போடுவதையும் குழந்தைகளே விவரித்தார்கள். இதைத் தீண்டாமைக் குற்றமாக நாம் சரியாகவே பார்க்கிறோம். ஆனால் இது மருத்துவக் குறைபாடும் ஆகும். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் கருவின் கிடை நிலையை அறிய முடியாது. கையைப் பிடிக்காமல் நாடியும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்க்காமல் நீரிழப்பைக் கணிக்க முடியாது. தொடாமை என்பது ஒவ்வொரு முறையும் தவறவிடப்பட்ட ஒரு நோயறிதல். ஆனாலும் எந்த மருத்துவமனையின் பிழைப் பதிவேட்டிலும் ‘தொட்டுப் பார்க்கவில்லை’ என்று ஒரு வரி எழுதப்படுவதில்லை.

விளைவு பெரிய கணக்கெடுப்புகளில் தெரிகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்போர் பட்டியல் சாதியினரில் 40.7, பழங்குடியினரில் 41.6, இம்மூன்று பட்டியல்களிலும் சேராத ‘பிற’ சமூகங்களில் 28. 2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று, ஒன்பது மாநிலங்களின் சுமார் இரண்டு கோடிப் பேர் பற்றிய தரவை ஆராய்ந்தது. உயர்சாதி இந்துக்களைக் காட்டிலும் பழங்குடியினரின் ஆயுட்காலம் நான்காண்டுக்கும் மேலாகவும் தலித்துகளின் ஆயுட்காலம் மூன்றாண்டுக்கும் மேலாகவும் குறைவு என்று அது கண்டது. வறுமை, வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த இடைவெளி முழுவதுமாக மறையவில்லை. அந்தப் பிற்சேர்க்கையான இடைவெளியில் மருத்துவமனையின் பங்கு எவ்வளவு? இதற்கு விடை சொல்லும் தரவு மருத்துவமனைகளில் திரட்டப்படுவதில்லை.

நிரல் இருந்ததால் வெளிப்பட்ட உண்மை

அத்தகைய தரவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கும் வந்துசேர்ந்த, விரலில் மாட்டும் அந்தச் சிறு கருவிதான். அது விரல் வழியே இரு நிற ஒளியைச் செலுத்தி, இரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். கறுப்பின நோயாளிகளிடம் கருவி பிழையாகக் காட்டுகிறது என்று 1990இலேயே ஓர் ஆய்வு எச்சரித்தது. முப்பதாண்டுகள் அது கிடப்பில் கிடந்தது.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் கருவி காட்டிய அளவையும், தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்த அளவையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். கருவி 92 முதல் 96 வரை, அதாவது கவலைப்படத் தேவையில்லை என்று காட்டிய நேரங்களில், உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. மூன்று மடங்குக்கும் மேல். மூச்சுத் திணறும் ஒருவரிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று கருவி சொல்லிக்கொண்டிருந்தது. கொரோனா நோயாளிகளில் கறுப்பினத்தவருக்கும் ஹிஸ்பானியருக்கும் உரிய மருந்துக்கான தகுதி தாமதமாகவே உணரப்பட்டது என்று 2022இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தோல் நிறம் வேறு, சாதி வேறு. தலித்துகள் கறுப்பு, மற்றவர்கள் சிவப்பு என்பது சாதியம் கட்டிய பொய். சாதிக்கு உயிரியல் அடிப்படை எதுவும் கிடையாது. இக்கருவியின் பிழை கருந்தோல் கொண்ட இந்தியர் அனைவரையும் தொடக்கூடியது. நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஆய்வின் முறையை. மிச்சிகன் மருத்துவர்கள் புதிதாக எவரையும் சோதிக்கவில்லை. பதிவேட்டில் நோயாளியின் இனத்துக்கு ஒரு நிரல் ஏற்கெனவே இருந்தது. அந்த நிரல் இல்லாதிருந்தால் கிடைத்திருப்பது ஒரு சராசரி மட்டுமே.

நிரல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்று உண்டு. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று முடிவு செய்ய மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு கணினி நிரலியை 2019இல் ஆய்வாளர்கள் சோதித்தனர். அந்த நிரலி நோயின் கடுமையை, நோயாளிக்கு ஆன செலவைக் கொண்டு கணித்தது. கறுப்பினத்தவருக்குச் செலவிடப்படுவதே குறைவு. எனவே நிரலியின் கண்ணில் அவர்கள் நலமானவர்கள்! இந்தக் கோளாற்றைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கணக்கிட்டார்கள். நம் நாட்டில் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் செலவுத் தரவைக் கொண்டு ‘தேவை’யைக் கணிக்க முற்படுவோர் இதைப் படிக்க வேண்டும். மருத்துவமனைக்கே வர இயலாதவரின் செலவு சுழியம். அவருடைய தேவை சுழியம் அன்று.

மருத்துவமனைப் பதிவேட்டில் சாதியைக் கேட்கலாமா என்ற எதிர்க்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. புறநோயாளர் சீட்டில் சாதியை எழுதினால், இதுவரை தெரியாமலிருந்த மருத்துவருக்கும் அது தெரிந்துவிடும். இன்னொரு கதவு மூடப்படலாம். இந்த அச்சம் நியாயமானது, அனுபவத்தில் விளைந்தது. ஆகவே சிகிச்சை தருபவரின் கையில் இருக்கும் தாளில் சாதி இருக்கக் கூடாது என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் வீடு திரும்பிய பின்போ, இறப்புத் தணிக்கையின்போதோ, நோயாளியோ குடும்பத்தினரோ விரும்பிச் சொல்வதைத் தனியே பதிந்து, பெயர் நீக்கி, கூட்டு எண்களாக மட்டும் வெளியிடுவதற்குத் தடையேதும் இல்லை. தேசிய குடும்பநல ஆய்வு வீடு வீடாகச் சென்று சாதியைக் கேட்டுத்தான் பதிகிறது. வீட்டில் கேட்கக்கூடிய கேள்வி மருத்துவமனையில் மட்டும் நாகரிகக் குறைவாகிவிடுவது ஏன்?

தொற்றைத் தடுப்பவர் யார்

நோயாளர் பாதுகாப்பு பற்றிய எந்தப் பாடநூலும் மருத்துவமனைத் தொற்றுக்குப் பெரும் இடம் ஒதுக்கும். கை கழுவுதல், கருவிகளின் கிருமி நீக்கம், நுண்ணுயிர்க்கொல்லிக் கொள்கை எல்லாம் அதில் உண்டு. தரையையும் கழிப்பறையையும் இரத்தம் படிந்த விரிப்பையும் துடைத்து அள்ளும் மனிதர் அதில் அரிதாகவே தென்படுவார். இந்திய மருத்துவமனைகளில் அந்த மனிதர் பெரும்பாலும் தலித். அதிலும் பெரும்பாலும் பெண். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இப்பணி ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டிருக்கிறது. மருத்துவமனையின் தொற்றுத் தடுப்பு அவருடைய கையில். ஆனால் அவர் மருத்துவமனையின் பணியாளர் அல்லர்.

குப்பைப் பையில் மறைந்திருக்கும் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்பது நன்கு ஆராயப்பட்ட விடயம். நோயாளியிடம் கிருமி இருக்குமானால், ஒருமுறை குத்துவதால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு; ஹெபடைட்டிஸ் சி சுமார் 1.8, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி 6 முதல் 30 விழுக்காடு வரை. மூன்றில் ஹெபடைட்டிஸ் பி-க்கு மட்டுமே தடுப்பூசி உண்டு; தொற்றும் வாய்ப்பு மிக அதிகமும் அதற்கே. 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளைப் போட வேண்டிய பொறுப்பை மருத்துவமனையின் மீது சுமத்துகின்றன. ‘கையாளும் அனைவரும்’ என்றால் ஒப்பந்தப் பணியாளரும் அதில் அடக்கம். கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனத் தரம் பிரிக்க வேண்டியது அது உருவாகும் இடத்திலேயே, அதாவது ஊசியைப் போட்டவரே செய்ய வேண்டும். நடைமுறையில் பிரிக்காமல் எறிவது ஒரு சாதி, கையை விட்டுப் பிரிப்பது இன்னொரு சாதி என்றாகிவிடுகிறது.

சட்ட மாணவர்களும் சமூகப்பணி மாணவர்களும் இதில் உடனே செய்யக்கூடிய வேலை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிடம் கேளுங்கள்: ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களில் எத்தனை பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் போடப்பட்டன, கடந்த மூன்றாண்டுகளில் ஊசி குத்திய நிகழ்வுகள் எத்தனை பதிவாயின, அவற்றில் தூய்மைப் பணியாளருடையவை எத்தனை, தொற்றுத் தடுப்புக் குழுவின் கூட்டங்களில் தூய்மைப் பணியாளர் எவரேனும் உறுப்பினராக அமர்ந்திருக்கிறாரா? ‘நிகழ்வு ஏதுமில்லை’ என்ற பதில் வந்தால் அதை நற்செய்தியாகக் கொள்ள வேண்டாம். பணியாளர்களிடம் நேரில் சென்று, எத்தனை முறை குத்தியது என்று கேட்டு, இரு எண்களையும் அருகருகே வையுங்கள்.